வாங்கும் இடம் வேறு, கொடுக்கும் இடம் வேறு

கிட் சொல்லிக்கொடுக்கும் டீம் லீட்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டீம் லீட்களுக்கு,

படிப்பை முடித்த கையோடு வேலைக்கு வரும் பிள்ளைகள் முதலில் உங்கள் கையில்தான் வந்து சேர்கிறார்கள். லேப்டாப் கொடுக்கிறீர்கள், விபிஎன் போட்டுக் கொடுக்கிறீர்கள், விக்கியில் "கிட் செட்டப்" என்ற ஒரு பக்கத்தைக் காட்டுகிறீர்கள். அந்தப் பக்கத்தில் பெயர், மின்னஞ்சல், எஸ்எஸ்ஹெச் கீ, ரெப்போவைக் குளோன் செய்யும் கட்டளை எல்லாம் இருக்கும். புதிதாக எடுக்கும் பிராஞ்ச் எந்த அப்ஸ்ட்ரீமைப் பின்தொடர வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல்.

நீங்கள் சொல்லாவிட்டால் கிட் சும்மா இருப்பதில்லை. தானே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. அது எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பது பல வருட அனுபவம் உள்ளவர்களுக்கே சட்டென்று சொல்ல வராது. அப்புறம் அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்வோம். புதிதாகச் சேர்ந்தவர் சொன்னதைக் கேட்பவர். "உன் மெஷின்ல இருக்கிற மெயின் பழசா இருக்கும், எப்பவும் ஆரிஜின் மெயின்ல இருந்து பிராஞ்ச் எடு" என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. "கிட் ஃபெட்ச்" அடிக்கிறார். அடுத்து "கிட் ஸ்விட்ச் -சி கட்டணத்-திருத்தம் ஆரிஜின்/மெயின்". பிராஞ்ச் உருவாகிறது. கூடவே, இந்த பிராஞ்ச் 'ஆரிஜின்/மெயின்'-ஐப் பின்தொடரும்படி அமைக்கப்பட்டுவிட்டது என்று டெர்மினலில் ஒரு வரி வந்து போகிறது. அதை யார் படிக்கிறார்கள்! வேலையை முடிக்கிறார், இரண்டு கமிட் போடுகிறார், "கிட் புஷ்" என்கிறார்.

கிட் மறுக்கிறது. உங்கள் பிராஞ்சின் பெயரும் அதன் அப்ஸ்ட்ரீமின் பெயரும் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டு, இரண்டு வழிகளைக் காட்டுகிறது. அப்ஸ்ட்ரீமுக்கே அனுப்ப வேண்டுமானால் "கிட் புஷ் ஆரிஜின் ஹெட்:மெயின்". அதே பெயரில் உள்ள பிராஞ்சுக்கு அனுப்ப வேண்டுமானால் "கிட் புஷ் ஆரிஜின் ஹெட்".

வரிசையைக் கவனியுங்கள். முதலில் நிற்பது எது? ரெவ்யூ ஆகாத இரண்டு கமிட்களை நேராக மெயினில் கொண்டுபோய்ச் சேர்க்கும் கட்டளை. எரர் வந்தால் அது சொல்லும் முதல் கட்டளையைக் காப்பி செய்து ஒட்டு என்பதுதான் நம்மில் பலரும் பழகிய முறை. பழகிய விதமும் அப்படித்தான்: வேறொரு சந்தர்ப்பத்தில், அப்ஸ்ட்ரீமே இல்லாத பிராஞ்சைப் புஷ் செய்தால், "கிட் புஷ் --செட்-அப்ஸ்ட்ரீம் ஆரிஜின் கட்டணத்-திருத்தம்" என்று கிட் ஒரே ஒரு வரியைக் கொடுக்கும். அதை ஒட்டினால் எல்லாம் சரியாகிவிடும். நேற்று சரியாக நடந்ததை நம்பி இன்றைக்கும் அதையே செய்கிறார்.

சர்வரில் மெயினுக்குப் பூட்டு போட்டிருந்தால் புஷ் திரும்பி வந்துவிடும், பிழைத்தீர்கள். ஆனால் எல்லா ரெப்போவுக்கும் பூட்டு போட்டிருக்கிறீர்களா? டீமின் முக்கியமான இரண்டு மூன்று ரெப்போக்களுக்கு இருக்கும். உள்ளுக்குள் ஓடும் ஸ்கிரிப்ட்கள், டிப்ளாய்மென்ட் கான்ஃபிக் வைத்திருக்கும் ரெப்போ, இவற்றை நாளைக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

இப்போது அதே பிள்ளை ஒரு சிறு மாற்றத்தோடு அதே வேலையைச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்ப்போம். முதலில் மெயினுக்குப் போய் "கிட் புல்" அடித்துவிட்டு, "கிட் ஸ்விட்ச் -சி கட்டணத்-திருத்தம் மெயின்" என்று எடுத்திருக்கிறார். லோக்கல் மெயினும் ஆரிஜின்/மெயினும் இப்போது ஒரே கமிட்டில்தான் நிற்கின்றன. பிராஞ்ச் தொடங்கும் புள்ளியில் ஒரு எழுத்துகூட வித்தியாசமில்லை. ஆனால் இந்த முறை அப்ஸ்ட்ரீம் எதுவும் அமைக்கப்படாது. புஷ் செய்யும்போது, மேலே சொன்ன ஒற்றை வரி ஆலோசனை வரும். அதை ஒட்டினால் பிராஞ்ச் தன் பெயரிலேயே சர்வரில் இருக்கும் பிரதியைப் பின்தொடரத் தொடங்கிவிடும்.

ஒரே கமிட், ஒரே பெயர், ஒரே ரெப்போ. ஆனால் ஒன்று மெயினைப் பின்தொடர்கிறது, இன்னொன்று தன்னையே பின்தொடர்கிறது. காரணம், தொடக்கப் புள்ளியை எந்தப் பெயரால் குறிப்பிட்டார் என்பது மட்டும்தான். "பிராஞ்ச்.ஆட்டோசெட்டப்மெர்ஜ்" என்ற அமைப்பின் இயல்பான மதிப்பு "ட்ரூ". தொடக்கப் புள்ளி ரிமோட்-டிராக்கிங் பிராஞ்சாக இருந்தால் அதையே அப்ஸ்ட்ரீமாக வை, லோக்கல் பிராஞ்சாக இருந்தால் ஒன்றும் வைக்காதே என்பது அதன் பொருள். நீங்கள் என்ன வேலை செய்யப்போகிறீர்கள், எங்கே அனுப்பப்போகிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. நீங்கள் டைப் செய்த பெயரைப் பார்த்து ஊகிக்கிறது, அவ்வளவுதான்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. ரெப்போவுக்குள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலைத் திறந்தால் அப்ஸ்ட்ரீம் அமைந்த ஒவ்வொரு பிராஞ்சுக்கும் கீழே இரண்டு வரிகள் இருக்கும். "ரிமோட்" என்ற வரி எந்த ரிமோட் என்று சொல்லும். "மெர்ஜ்" என்ற வரி அந்த ரிமோட்டில் எந்த பிராஞ்ச் என்று சொல்லும். அப்ஸ்ட்ரீம் என்று நாம் சொல்வதெல்லாம் இந்த இரண்டு வரிகள்தான். புதிதாகச் சேர்ந்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து இந்த ஃபைலைக் காட்டினால் அரை மணி நேர விளக்கம் மிச்சம்.

சிக்கலின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. எந்த பிராஞ்சுக்கும் இரண்டு கேள்விகள் உண்டு: புது மாற்றங்களை எங்கிருந்து வாங்குவது, என் மாற்றங்களை எங்கே கொடுப்பது. கட்டணத்-திருத்தம் பிராஞ்சுக்கு வாங்கும் இடம் மெயின். கொடுக்கும் இடம், சர்வரில் அதே பெயரில் உள்ள பிராஞ்ச். அங்கிருந்துதான் புல் ரிக்வெஸ்ட் போகும். கொடுக்கலும் வாங்கலும் ஒரே இடத்தில் நடக்காது. ஆனால் அப்ஸ்ட்ரீம் என்ற ஒரே பெட்டிதான் கண்ணுக்குத் தெரிகிறது. சிலர் அதில் வாங்கும் இடத்தைப் போடுகிறார்கள், சிலர் கொடுக்கும் இடத்தைப் போடுகிறார்கள். ஒரே டீமில் இரண்டு வகையினரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "எனக்கு கிட் புல் சரியாத்தானே வருது" என்று வாதாடிக்கொண்டிருப்பார்கள்.

கிட்டைக் குறை சொல்வதற்கு முன் அது பிறந்த சூழலையும் பார்க்க வேண்டும். 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலுக்காக இதை எழுதத் தொடங்கினார். அதே ஆண்டு ஜூலையில் ஜூனியோ ஹமானோ பொறுப்பை ஏற்றார். இன்றுவரை பராமரிப்பவர் அவரே. கெர்னலில் பேட்ச்கள் மின்னஞ்சலில் வரும். துணைப் பகுதிகளைப் பார்த்துக்கொள்பவர்கள், இந்த முகவரியில், இந்த டேகில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று வேண்டுகோள் அனுப்புவார்கள். டோர்வால்ட்ஸ் அந்த முகவரியைக் கொடுத்து புல் செய்வார். எல்லாரும் ஒரே ரெப்போவுக்குப் புஷ் செய்யும் வழக்கம் அங்கே இல்லை. பெரும்பாலும் ஒவ்வொருவரும் தன்னுடைய பொது ரெப்போவில் தான் மட்டும் புஷ் செய்வார்.

ஆரம்பத்தில் வெறும் "கிட் புஷ்" ஏன் அப்படி நடந்துகொண்டது என்பது இதிலிருந்து புரியும். கிட் 2.0 வருவதற்கு முன், இயல்பான முறை "மேட்சிங்". உங்களிடமும் சர்வரிலும் ஒரே பெயரில் உள்ள எல்லா பிராஞ்ச்களையும் ஒரே மூச்சில் அனுப்பிவிடும். கிட் திட்டத்தின் சொந்த ரெப்போவில் மெயின்ட், மாஸ்டர், நெக்ஸ்ட் என்று பல பிராஞ்ச்கள் ஒன்றாக நகர்கின்றன. பராமரிப்பவர் ஒருவர் எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டு ஒரே கட்டளையில் வெளியிடுவதற்கு மேட்சிங் கச்சிதம். அதையே இருபது பேர் புஷ் செய்யும் ஆபீஸ் ரெப்போவில் வைத்து, யாரோ ஒருவர் அவசரத்தில் ஃபோர்ஸும் சேர்த்து அடித்தால், அவர் மாதக்கணக்கில் தொடாத பிராஞ்ச்கள்கூடப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மற்றவர்களின் வேலை சர்வரிலிருந்து காணாமல் போகும்.

2012-ல் வந்த 1.7.11 பதிப்பில் "சிம்பிள்" என்ற முறை சேர்ந்தது. 2014 மே மாதம் வந்த 2.0 அதையே இயல்பாக்கியது. நிற்கிற பிராஞ்சை மட்டும் அனுப்பு; வாங்குவதும் கொடுப்பதும் ஒரே ரெப்போவாக இருந்தால், அப்ஸ்ட்ரீமின் பெயரும் அதே பெயராக இருந்தால்தான் அனுப்பு என்பது சிம்பிள். நம் பிள்ளையின் புஷ் மறுக்கப்பட்டது இந்தக் காவலால்தான். "அப்ஸ்ட்ரீம்" என்றே பெயர் கொண்ட இன்னொரு புஷ் முறையும் உண்டு. அது டீமின் கான்ஃபிக்கில் இருந்திருந்தால் கட்டணத்-திருத்தம் எந்தக் கேள்வியும் இல்லாமல் மெயினில் போய் உட்கார்ந்திருக்கும். எங்கோ படித்த பழைய குறிப்பைப் பார்த்து அந்த முறையை கான்ஃபிக்கில் போட்டு வைத்திருப்பவர்கள் உங்கள் டீமிலும் இருக்கலாம். விசாரியுங்கள்.

ஆக, புஷ் பக்கத்தில் கதவு போட்டார்கள். ஆனால் பிராஞ்ச் பிறக்கும்போதே மெயினை அப்ஸ்ட்ரீமாக எழுதிவிடும் பழக்கம் அப்படியே தொடர்ந்தது. ஒரு இயல்பு எழுதுகிறது, இன்னொரு இயல்பு அதைப் பார்த்து மறுக்கிறது. இந்த முரண் எட்டு வருடம் அப்படியே கிடந்தது என்பது என்னைப் பொறுத்தவரை கிட்டின் பெரிய குறை. எரரில் அந்த ஆபத்தான வரியை முதலில் வைத்திருப்பது இன்னொரு குறை.

2022-ல்தான் இதற்கு ஓரளவு விடிவு. அந்த ஆண்டு ஜூனில் வந்த 2.37-ல் இரண்டு வசதிகள் சேர்ந்தன. ஒன்று, ஆட்டோசெட்டப்மெர்ஜுக்கும் "சிம்பிள்" என்ற மதிப்பு. புது பிராஞ்சின் பெயரும் ரிமோட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருந்தால் மட்டும் அப்ஸ்ட்ரீம் அமை, இல்லாவிட்டால் விட்டுவிடு என்கிறது அது. மற்றொன்று "புஷ்.ஆட்டோசெட்டப்ரிமோட்". அப்ஸ்ட்ரீம் இல்லாத பிராஞ்சை முதல்முறை புஷ் செய்யும்போது, அதே பெயரில் சர்வரில் உருவாக்கி அதையே அப்ஸ்ட்ரீமாகவும் எழுதிக்கொள்ளும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் நம் பிள்ளை எந்த வழியில் பிராஞ்ச் எடுத்தாலும் ஒரே முடிவு. ஆரிஜின்/மெயினிலிருந்து எடுத்தாலும் சரி, லோக்கல் மெயினிலிருந்து எடுத்தாலும் சரி, வெறும் "கிட் புஷ்" சரியான இடத்துக்குப் போகும். எரரும் வராது, காப்பி செய்து ஒட்ட வேண்டியதும் இல்லை. ஆனால் இரண்டுமே இயல்பாக அணைந்துதான் இருக்கின்றன. நாம் போட்டால்தான் உண்டு.

எல்லாரும் ஒரே ரெப்போவில் வேலை செய்யும் டீம்களுக்கு இதுதான் என் பரிந்துரை. இதில் ஒரு இழப்பு உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வெறும் "கிட் புல்" இனி மெயினில் நடந்த மாற்றங்களைக் கொண்டுவராது. தன் பிராஞ்சின் சர்வர் பிரதியைத்தான் பார்க்கும். மெயின் வேண்டுமானால் "கிட் புல் --ரீபேஸ் ஆரிஜின் மெயின்" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். எனக்கு இது பிடித்திருக்கிறது. மெயினைக் கொண்டுவந்து சேர்ப்பது தெரிந்து செய்ய வேண்டிய காரியம். பழக்க தோஷத்தில் நடக்க வேண்டியதில்லை.

இதை ஏற்காதவர்கள் உண்டு. பெரும்பாலும் நீண்ட நாள் கிட் பழகியவர்கள். பிராஞ்ச் எங்கிருந்து கிளம்பியதோ அதுதான் அப்ஸ்ட்ரீம்; "கிட் ஸ்டேட்டஸ்" அடித்தால் மெயினைவிட எத்தனை கமிட் பின்தங்கியிருக்கிறேன் என்று உடனே தெரிய வேண்டும் என்பார்கள். நியாயமான ஆசை. அவர்கள் ஆட்டோசெட்டப்மெர்ஜை "ட்ரூ" என்றே விட்டுவிட்டு, புஷ் முறையை "கரன்ட்" என்று மாற்றிக்கொள்ளலாம். வாங்குவது மெயினிலிருந்து, கொடுப்பது தன் பெயருக்கு. அப்படிப் போட்டவர் புஷ் செய்யும்போது "-யு" சேர்க்கவே கூடாது. சேர்த்தால் அப்ஸ்ட்ரீம் தன் பிரதிக்கு மாறிவிடும், ஸ்டேட்டஸ் சொல்லும் கணக்கும் அதோடு மாறிவிடும். டீமில் ஒருவர் மட்டும் இந்த முறையை வைத்திருந்தால் பரவாயில்லை. பாதிப் பேர் இப்படியும் பாதிப் பேர் அப்படியும் இருந்துகொண்டு, விக்கியில் மூன்றாவதாக ஒன்று எழுதியிருப்பதுதான் தொல்லை.

ஃபோர்க் முறையில் வேலை செய்யும் டீம்களுக்குக் கதை வேறு. திறந்த மூலத் திட்டங்களுக்குப் பங்களிக்க உங்கள் பிள்ளைகளை ஊக்குவிக்கிறீர்கள் என்றால் இந்தப் பகுதி அவர்களுக்கு அவசியம் தேவை. கிட்ஹப்பில் ஃபோர்க் செய்து, அந்த ஃபோர்க்கைக் குளோன் செய்கிறார்கள். ஆரிஜின் என்பது அவர்களுடைய சொந்தப் பிரதி. குளோன் செய்தவுடன் லோக்கல் மெயின், ஆரிஜின்/மெயினைப் பின்தொடரத் தொடங்கிவிடும். மூலத் திட்டம் அன்றாடம் நகர்ந்துகொண்டிருக்கும். ஃபோர்க் அங்கேயே நிற்கும். இரண்டு மாதம் கழித்து "கிட் புல்" அடித்தால், எல்லாம் ஏற்கெனவே புதுசுதான் என்று பதில் வரும். பொய்யில்லை; யாரைக் கேட்டாரோ அவருக்கு அவ்வளவுதான் தெரியும்.

மூலத் திட்டத்தை "அப்ஸ்ட்ரீம்" என்ற பெயரில் இரண்டாவது ரிமோட்டாகச் சேர்க்கும்படி பல வழிகாட்டிகள் சொல்கின்றன. நல்ல யோசனைதான். ஆனால் ரிமோட்டுக்கு அப்ஸ்ட்ரீம் என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் அது எந்த பிராஞ்சுக்கும் அப்ஸ்ட்ரீம் ஆகிவிடாது. கிட்டுக்கு அது வெறும் பெயர்; முருகன் என்று வைத்தாலும் ஒன்றுதான். மெயினை அங்கே திருப்ப "கிட் பிராஞ்ச் -யு அப்ஸ்ட்ரீம்/மெயின் மெயின்" என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

அதோடு "ரிமோட்.புஷ்டிஃபால்ட்" என்ற அமைப்பில் ஆரிஜின் என்று எழுதிவிடுங்கள். 2013-ல் வந்த 1.8.3-லிருந்தே இது இருக்கிறது. வாங்கும் ரிமோட் வேறு, கொடுக்கும் ரிமோட் வேறு என்று ஆனவுடன் சிம்பிள் முறையும் தன் கெடுபிடியைத் தளர்த்திக்கொள்ளும். நிற்கிற பிராஞ்சை அதே பெயரில் ஆரிஜினுக்கு அனுப்பிவிடும். இப்போது அப்ஸ்ட்ரீம்/மெயினிலிருந்து பிராஞ்ச் எடுத்தால், புல் மூலத் திட்டத்திலிருந்து வரும், புஷ் சொந்த ஃபோர்க்குக்குப் போகும். இங்கே ஆட்டோசெட்டப்மெர்ஜ் பழையபடி ட்ரூவாக இருப்பதுதான் நல்லது. சிம்பிள் என்று மாற்றினால் இந்த வசதி போய்விடும். வாங்கும் இடத்தையும் கொடுக்கும் இடத்தையும் கிட்டால் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. கிட்டைப் போன்ற இன்னொரு கருவியான, கானோனிக்கல் நிறுவனத்தின் பசாரும் இந்த இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வைத்தது.

இரண்டு ரிமோட் வந்தபின் இன்னொரு சின்ன ஏமாற்றமும் காத்திருக்கிறது. லோக்கலில் இல்லாத பிராஞ்சின் பெயரைச் சொல்லி "கிட் ஸ்விட்ச்" அடித்தால், ஒரே ஒரு ரிமோட்டில் அந்தப் பெயர் இருக்கும்வரை கிட் தானே உருவாக்கி, டிராக்கிங்கும் அமைத்துவிடும். இரண்டு ரிமோட்டிலும் இருந்தால் எது என்று தெரியாமல் நின்றுவிடும். நேற்றுவரை வேலை செய்தது இன்று ஏன் இல்லை என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். "செக்அவுட்.டிஃபால்ட்ரிமோட்" என்ற அமைப்பு அதற்குத்தான்.

கடைசியாக ஸ்டேட்டஸ் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். உங்கள் பிராஞ்ச் ஆரிஜின்/மெயினோடு சமமாக இருக்கிறது என்று "கிட் ஸ்டேட்டஸ்" சொல்லும்போது அது சர்வரைக் கேட்டுச் சொல்வதில்லை. கடைசியாக ஃபெட்ச் செய்தபோது கிடைத்த நிலையை வைத்துச் சொல்கிறது. நெட் வயரைப் பிடுங்கிவிட்டு அடித்தாலும் அதே பதில் வரும்; புதியவர்களிடம் ஒருமுறை செய்து காட்டுங்கள், மறக்கமாட்டார்கள். எந்த பிராஞ்ச் எதைப் பின்தொடர்கிறது என்று மொத்தமாகப் பார்க்க "கிட் பிராஞ்ச் -விவி". மெர்ஜ் ஆகி சர்வரில் அழிக்கப்பட்ட பிராஞ்ச்களுக்கு எதிரே, ப்ரூன் செய்து ஃபெட்ச் செய்தபின், அப்ஸ்ட்ரீம் போய்விட்டது என்ற குறிப்பும் அதில் தெரியும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. டீமைக் கூட்டி, நம் டீமில் அப்ஸ்ட்ரீம் என்றால் வாங்கும் இடமா, கொடுக்கும் இடமா என்று ஒருமுறை பேசி முடிவு செய்யுங்கள். முடிவுக்கு ஏற்ற கான்ஃபிக் கட்டளைகளை விக்கியில் ஏற்றுங்கள்; ஏன் அவை என்பதற்கு நான்கு வரி விளக்கமும் எழுதுங்கள். எல்லார் மெஷினிலும் கிட் 2.37-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பதிப்பில் அந்தப் புது அமைப்புகள் எடுபடாது. அடுத்த பிள்ளை வேலைக்குச் சேரும் நாளுக்குள் இதை முடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவர்